சுபானியா லாட்ஜுக்கு வந்த கிரகவாசிகள்

அப்துல் சுபானுக்குக் கோபம் வரக் காரணம் ஒன்றும் வேண்டாம், எதிரே ஓர் ஆள் இருந்தால் போதும். தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி சுபானியா லாட்ஜுக்கு வழி கேட்டால், வழியோடு ஒரு புத்திமதியும் கிடைக்கும்: "ரூம் சுத்தமா இருக்குமுங்க, வெந்நீர் உண்டுங்க, பாய் என்ன திட்டினாலும் பதில் மட்டும் பேசிடாதீங்க." அந்த லாட்ஜில்தான், வருஷா வருஷம், விஞ்ஞானக் கதை எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் சேர்ந்து மாநாடு கூட்டினார்கள் என்றால் யார் நம்புவார்கள்? நம்பாதவர்கள் போகட்டும், நடந்ததைச் சொல்லிவிடுவோம்.

சுபான் பாயுடையது தோல் மண்டிக் குடும்பம். அப்பாவுக்குப் பிறகு அண்ணன் தம்பிகள் மண்டியிலேயே உட்கார்ந்துவிட, இவர் மட்டும் தன் பங்கைப் பிரித்துக்கொண்டு 1962-ல் பதினோரு அறை வைத்து ஒரு லாட்ஜ் கட்டினார். "தர்மபுரியில எவன் வந்து தங்கப் போறான்? சேலத்துக்குப் போற பஸ் நிக்கறப்ப ஒரு டீ குடிக்கற ஊரு இது" என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். மூன்றே வருஷத்தில் ஜில்லா பிரிந்தது. கலெக்டர் ஆபீஸ் வந்தது. பின்னாலேயே ஆபீசர்கள், காண்ட்ராக்டர்கள், பூச்சிமருந்து கம்பெனி ஆட்கள் என்று வரிசை கட்டினார்கள். சிரித்த சொந்தக்காரர்களே தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வரும் விருந்தாளிகளுக்கு ரூம் கேட்டு வந்து நின்றார்கள். பாய் ரூம் கொடுத்தார். கொடுக்கும்போது அந்தப் பழைய சிரிப்பையும் ஞாபகப்படுத்தாமல் விடவில்லை.

யாருக்கும் பயப்படாத மனுஷன் பயந்தது ரிஜிஸ்டருக்கு. தங்குகிறவரின் பெயர், தொழில், எங்கிருந்து வருகிறார், எங்கே போகிறார், வந்த காரியம் என்ன, ஆக ஐந்து கட்டம். ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவார். லாட்ஜ் திறந்த புதிதில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்துவிட்டது. அதற்காகப் பாய் அரைநாள் ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் நின்றார், தெருவில் போகிறவனெல்லாம் "என்ன பாய், இங்க?" என்று விசாரித்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து அவர் பார்ப்பதெல்லாம் ஐந்து கட்டமும் நிறைந்திருக்கிறதா என்பதைத்தான். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. அவருக்கு உருது சரளமாக ஓடும், தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும்.

1968 மே மாதம், காரிமங்கலத்தில் தபால் குமாஸ்தாவாக இருந்த சவுரியப்பன் வந்து இரண்டு நாளைக்கு ஆறு அறை கேட்டார். மெலிந்த ஆள், பேசும்போது கைகளைப் பிசைந்துகொண்டே பேசுவார்.

"என்ன சாமான் விக்கறீங்க?" என்றார் பாய். பத்துப் பன்னிரண்டு பேர் மொத்தமாக வந்து தங்கினால் அது கம்பெனி மீட்டிங் என்பது அவர் கண்ட அனுபவம்.

"சாமான் ஒன்னும் விக்கலீங்க பாய். கதை எழுதறோமுங்க. ராக்கெட்டு, வேற கிரகம், இன்னும் ஆயிரம் வருசம் கழிச்சு நடக்கறது, அந்த மாதிரி."

"எழுதி?"

"எழுதிப் படிப்போமுங்க."

"படிச்சு?"

சவுரியப்பன் கொஞ்சம் யோசித்தார். "சண்டை போட்டுக்குவோமுங்க."

"அதை அவங்கவங்க ஊர்லயே போட்டுக்கலாமே? எதுக்கு என் லாட்ஜு?"

இதற்குச் சவுரியப்பன் சொன்ன விளக்கம் பாய்க்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. அவர்கள் 'வால்மீன்' என்று ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்கள். மாதம் ஒன்று, அதுவும் ஒரே ஒரு பிரதி. சவுரியப்பனே முத்து முத்தாக எழுதி, படம் வரைந்து, அட்டை ஒட்டித் தபாலில் அனுப்புவார். ஓசூர்க்காரர் மூன்று நாள் வைத்திருந்து படித்துவிட்டுத் திருப்பத்தூருக்கு அனுப்ப வேண்டும், திருப்பத்தூர்க்காரர் சேலத்துக்கு, இப்படியே இருபது பேர். கடைசிப் பக்கங்கள் வாசகர் கருத்துக்கு. அங்கேதான் வம்பு. ஜனவரியில் ஒருவர் "உமது ராக்கெட்டுக்கு எரிபொருள் எங்கிருந்து வந்தது?" என்று எழுதினால், பதில் அவர் கைக்கு மார்ச்சில் வரும். அதற்குள் கேட்டவருக்குக் கேள்வியே மறந்துபோயிருக்கும். நேரில் உட்கார்ந்து சண்டை போட்டால்தான் ஒரு முடிவுக்கு வரும் என்று தீர்மானித்தார்கள். எல்லாருக்கும் பஸ் வசதிக்குத் தர்மபுரிதான் நடு.

சொன்ன நாளில் பன்னிரண்டு பேர் வந்து இறங்கினார்கள். கடத்தூரில் ஆரியம் என்கிற கேழ்வரகும் நிலக்கடலையும் போடுகிற மாதப்பன், ஒரு மூட்டை பச்சைக் கடலையோடு வந்தார். மழை வரவழைக்கிற யந்திரத்தைப் பற்றித்தான் அவர் எழுதுவார். பதினேழு கதை எழுதியும் ஒரு கதையிலும் மழை பெய்யவில்லை. அரூர்ப் பக்கம் பள்ளிக்கூட டீச்சராக இருந்த பாஞ்சாலி, தோளில் ஒரு பையோடு தனியாக வந்தாள். அவளைப் பார்த்ததும் பாயின் முகம் கறுத்தது.

"பொம்பளைப் புள்ளைக்கு ரூம் கெடையாது. ஊர் வாயை மூட என்கிட்ட உலைமூடி இல்லம்மா."

பாயின் மனைவி நசீம் பானு பின்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். லாட்ஜுக்குப் பின்னாலேயே அவர்கள் வீடு. "ரூம் எதுக்கு? நம்ம வூட்ல படுத்துக்கட்டும். நீ வாம்மா" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள். போகும்போது பாஞ்சாலி திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "தங்கறது உள்ள தங்கிக்கறனுங்க பாய். ஆனா ரிஜிஸ்டர்ல எல்லாரோடயும் நானும் எழுதுவேன்."

ரிஜிஸ்டரில்தான் வினையே. சவுரியப்பன் பேனாவை எடுத்தார், வைத்தார், எடுத்தார். அவர் சர்க்கார் உத்தியோகஸ்தர். மேலிடத்து அனுமதி இல்லாமல் பத்திரிகை நடத்துவதோ, கூட்டம் கூட்டுவதோ தெரிந்தால் சீட்டுக் கிழிந்துவிடும். பாஞ்சாலியும் அப்படி, இன்னும் ஐந்தாறு பேரும் அப்படி. அதனால் எல்லாரும் கட்டங்களைக் காலியாக விட்டு, மெல்ல நழுவப் பார்த்தார்கள். பாய்க்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"ஒரு கட்டம்கூட காலியா இருக்கக் கூடாது! யோவ், என்னத்தையாவது எழுதித் தொலைங்கய்யா!"

"என்னத்தையாவதுங்களா?" என்றார் சவுரியப்பன்.

"என்னத்தையாவது!"

அந்த நிமிஷம் பாய் இந்த வார்த்தையை விழுங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை. கதை எழுதுகிற பன்னிரண்டு பேரைப் பார்த்து 'என்னத்தையாவது எழுது' என்று சொன்னால் சும்மா இருப்பார்களா? ஐந்து கட்டமும் அருமையாக நிறைந்தது. பெயர்: விண்ணரசன். தொழில்: ராக்கெட் ஓட்டுநர். வருவது: செவ்வாய் கிரகம். போவது: சனி கிரகம். காரியம்: பெண் பார்க்க. மாதப்பன் தன் தொழில் 'மேகம் மேய்ப்பது' என்று எழுதினார். பாஞ்சாலி 'நட்சத்திரங்களுக்கு வெள்ளையடிப்பவள்' என்று எழுதினாள். பாய் விரலை வைத்துக் கட்டங்களை எண்ணினார், எல்லாம் நிறைந்திருந்தது, திருப்தி. ஏட்டும் வந்தார், கட்டங்களைப் பார்த்தார், டீயைக் குடித்தார், கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் நசீம் பானுதான் ரிஜிஸ்டரைப் புரட்டினாள். கிருஷ்ணகிரியில் எட்டாவது வரை தமிழ் படித்தவள். படித்துவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து சிரித்தாள். பாய்க்கு விஷயம் தெரிந்ததும் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். குதித்து என்ன செய்ய? ஏட்டு கையெழுத்துப் போட்டாயிற்று, அடித்துத் திருத்தினால் அது வேறு குற்றம். "அடுத்த வருசம் வாங்க, அப்ப இருக்கு உங்களுக்கு" என்று கறுவினார். அடுத்த வருஷம் வந்தார்கள், அப்படியேதான் எழுதினார்கள். பாயும் வாயால் திட்டிக்கொண்டே பேனாவில் மை இருக்கிறதா என்று உதறிப் பார்த்துக் கொடுத்தார்.

அந்த அடுத்த வருஷம்தான் மனுஷன் சந்திரனில் காலை வைத்த வருஷம். அதற்காகவே ஜூலையில் கூடினார்கள். திங்கட்கிழமை காலை, பாய் தன் வீட்டு ரேடியோவைத் தூக்கி வந்து லாட்ஜ் கூடத்தில் மேஜைமேல் வைத்தார். செய்தி கேட்கத் தெருவே உள்ளே புகுந்துவிட்டது. இறங்கிவிட்டார்கள் என்றதும் சவுரியப்பன் ஓவென்று அழுதார். மாதப்பன், "அந்த மண்ணுல ஆரியம் வருமுங்களா?" என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டு திரிந்தார். சுபான் பாய் மட்டும் நெற்றியைச் சுருக்கி, "போயிட்டானுங்க சரி, தங்கறதுக்கு என்ன வசதி? தண்ணி வருமா?" என்றார்.

பாஞ்சாலி அதை விடவில்லை. அடுத்த மாத வால்மீனில் ஒரு கதை எழுதினாள். ஆயிரம் வருஷம் கழித்துச் சந்திரனில் ஒரு லாட்ஜ். பெயர் சுபானியா லாட்ஜ். ஏழு கிரகத்திலிருந்தும் ஆட்கள் வந்து தங்குகிறார்கள். வியாழன்காரன் எட்டுக் கையோடு வந்து வெந்நீர் கேட்கிறான். "எட்டுக் கைக்கும் சேர்த்து ஒரே பக்கெட்தான்" என்று திட்டுகிறார் அங்கே ஒரு பாய். சவுரியப்பன் அந்தப் பிரதியை முதலில் லாட்ஜுக்கே அனுப்பிவைத்தார், நசீம் பானு வாசித்துக் காட்டினாள். சுபான் பாய் இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு, "இன்னொரு தரம் படி" என்றார். மூன்று நாளில் அடுத்த ஊருக்கு அனுப்ப வேண்டிய பத்திரிகை அந்த முறை சுபானியா லாட்ஜில் பதினெட்டு நாள் தங்கிற்று. அதற்குப் பிறகு வால்மீனின் சுற்றில் இருபத்தோராவது வாசகர், தர்மபுரி லாட்ஜ் ஓனர்.

இப்படி வருஷங்கள் ஓடின. எழுபத்திரண்டில், ரோபோ செய்தால் அது விரதம் இருக்குமா என்று ஒரு சண்டை. ஒருவர் கோபித்துக்கொண்டு பஸ் ஏறப் போய், நசீம் பானுவின் பிரியாணி வாசனையில் திரும்பி வந்தார். எழுபத்துநாலில் இருபத்தாறு பேர் வந்து, கூடத்தில் ஜமுக்காளம் விரித்துப் படுத்தார்கள். பெங்களூர் பாக்டரிகளில் வேலை பார்க்கிற தமிழ் ஆட்கள்கூட வந்தார்கள். மாநாட்டு நாட்களில் வெளி ஆட்களுக்கு ரூம் இல்லை என்று பாய் விரட்டினார். "யாருங்க பாய் தங்கியிருக்கறது?" என்று கேட்டால், "அதெல்லாம் பெரிய பெரிய எடத்துலருந்து வந்தவங்க" என்பார். பொய் சொன்னதாகாது பாருங்கள்.

எழுபத்தாறில் நிலைமை மாறியது. அவசரநிலைக் காலம். நாலு பேர் கூடினால் ஏன் கூடினார்கள் என்று கேள்வி வரும். டீ குடிக்கிற பழைய ஏட்டு மாற்றலாகிப் போய், புதிதாக ஒரு சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். இளவயது, படித்தவர், ரிஜிஸ்டரை வரி வரியாக வாசிக்கிற ஜாதி. ஏப்ரல் கடைசியில் சுபானியா லாட்ஜின் ரிஜிஸ்டர்கள் ஸ்டேஷனுக்குப் போயின, பின்னாலேயே பாயும் போனார்.

"விண்ணரசன், எட்டு வருசமா செவ்வாயிலிருந்து சனிக்குப் போறான். ஏன் பாய், இன்னுமா பொண்ணு அமையலை?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். குரலில் சிரிப்பு இல்லை. "எல்லாம் மாற்றுப் பேர். வருசா வருசம் ரகசியக் கூட்டம். இவங்க யாரு?"

"கதை எழுதறவங்க சார். ராக்கெட்டுக் கதை. பாவம், ஈ எறும்புக்குக் கெடுதல் பண்ணாதவங்க."

"அப்படீன்னா நிஜப் பேரைச் சொல்றதுல என்ன கஷ்டம்? பேர், வேலை, விலாசம். நாளை மத்தியானத்துக்குள்ள எழுதிக் குடுங்க. இல்லேன்னா லைசென்சை ரத்து பண்ணச் சொல்லி மேல எழுதிருவேன். எனக்கும் மேல இருந்து கேக்கறாங்க பாய், நான் தனியா என்ன பண்ண முடியும்?"

பாய் வீட்டுக்கு வந்தபோது அவர் முகத்தைப் பார்த்து நசீம் பானு அடுப்பை அணைத்துவிட்டாள். பதினாலு வருஷத் தொழில். மண்டியில் பங்கு இல்லை, வேறு வேலை தெரியாது, வயது ஐம்பத்தாறு. அவர் நடந்தார், உட்கார்ந்தார், மறுபடி நடந்தார். செவ்வாயைத் திட்டினார், சனியைத் திட்டினார், தமிழைத் திட்டினார். கடைசியில் மனைவி முன்னால் வந்து உட்கார்ந்து, "காகிதம் எடு. நான் சொல்றேன், நீ எழுது" என்றார்.

அவள் எடுத்தாள். ஓசூர்க்காரர் பெயரைச் சொன்னார், எழுதினாள். திருப்பத்தூர்க்காரர், எழுதினாள். மாதப்பன், கடத்தூர், விவசாயம், எழுதினாள். சவுரியப்பன் என்றதும் பேனா கொஞ்சம் தயங்கி எழுதியது. அடுத்த பெயருக்கு அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

"அடுத்தது பாஞ்சாலி. டீச்சர்னு போடட்டுமா, பள்ளிக்கூடத்துப் பேரும் சேர்த்துப் போடட்டுமா?" என்று கேட்டாள் நசீம் பானு. அவள் குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே கேட்டாள். எட்டு வருஷம் இந்த வீட்டில் படுத்து எழுந்த பெண். போன வருஷம் நசீம் பானுவுக்குக் காய்ச்சல் கண்டபோது மாநாட்டை விட்டுவிட்டு இரண்டு நாளும் கஞ்சி வைத்துக் கொடுத்தவள்.

விஷயம் காதுக்கு எட்டி, அன்று சாயங்காலப் பஸ்ஸில் சவுரியப்பன் வந்து சேர்ந்தார். கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். "பாய், என் பேரை மட்டும் குடுத்துடுங்க. எல்லாத்தையும் எழுதினது நான் ஒருத்தன்தான்னு நானே போய்ச் சொல்லிடறேன். மத்தவங்க யாருன்னு எனக்குத் தெரியாதுன்னுடறேன்."

"உங்களுக்கு எத்தனை பொண்ணு?"

"மூணுங்க."

"உங்க வேலை போச்சுன்னா அதுங்களுக்கு யாரு சோறு போடுவா? சனி கிரகத்துக்காரனா?"

"உங்க லாட்ஜு போயிடுமுங்களே பாய்."

"என் லாட்ஜு, என் இஷ்டம்! பெருசா தியாகம் பண்ண வந்துட்டாரு! ஒழுங்கா அடுத்த பஸ்ஸைப் புடிச்சு வூட்டுக்குப் போங்க. பதினஞ்சாந் தேதி மாநாடு. ஒருத்தன் வராம இருந்தாலும் தொலைச்சுடுவேன்." சொல்லிவிட்டு, மனைவி கையிலிருந்த காகிதத்தை வாங்கி நாலாகக் கிழித்தார். கிழித்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்பது அவருக்கே தெரிந்தது.

மறுநாள் மத்தியானத்துக்கு முன்பே ஸ்டேஷனுக்குப் போய், கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த லைசென்சைச் சட்டத்தோடு மேஜைமேல் வைத்தார்.

"நான் கேட்டது பேரு" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"பேரு குடுக்கலேன்னா லைசென்சு போகும்னீங்க. இந்தாங்க. லாட்ஜை மூடிட்டேன் சார். நீங்க மேல எழுதற சிரமத்தை நானே மிச்சம் பண்ணிட்டேன்."

"யோசிச்சுத்தான் செய்றீங்களா? திருப்பி வாங்கறது லேசு இல்லை பாய். பதினாலு வருசத் தொழில்."

"எனக்கும் எண்ணத் தெரியும் சார்."

சப்-இன்ஸ்பெக்டர் அந்தச் சட்டத்தை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு ஒரு காகிதத்தை இழுத்து, 'மேற்படி லாட்ஜ் மூடப்பட்டது. மேல் நடவடிக்கை தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவருக்கும் ஒரு தலைவலி விட்ட மாதிரிதான். பாய் எழுந்தபோது குரலைத் தாழ்த்தி, "அந்த நட்சத்திரத்துக்கு வெள்ளையடிக்கற அம்மா கெட்டிக்காரிதான்" என்றார். "எந்த அம்மா சார்?" என்று கேட்டுவிட்டு பாய் வெளியே வந்தார்.

தெருவுக்கு வந்ததும் கண் கலங்கியது. யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று எதிரே வந்த ஒரு சைக்கிள்காரனைக் காரணமில்லாமல் திட்டித் தீர்த்தார். அன்று மாலை ஏணி போட்டு, தன் கையாலேயே போர்டைக் கழற்றினார். மண்டியிலிருந்து தம்பி வந்து, "பைத்தியமா புடிச்சுது?" என்று கேட்டான். "கீழ ரெண்டு ரூமை விதைக்கடைக்குக் குடுத்திருக்கேன், எப்படியோ பொழைச்சுக்குவேன், போடா" என்றார்.

பதினைந்தாம் தேதி காலை, ஒன்பது மணி பஸ்களில் வந்தவர்கள் லாட்ஜ் எதிரே வந்து நின்றார்கள். சுவரில் இரண்டு ஆணி மட்டும் இருந்தது. எதிர் டீக்கடைக்காரர் நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். மாதப்பன் கடலை மூட்டையைத் தோளிலிருந்து இறக்கவே மறந்து நின்றார். சவுரியப்பன் அழுதேவிட்டார். "எங்க விளையாட்டு அந்த மனுசன் பொழப்பையே தின்னுடுச்சே" என்றார். எந்த முகத்தோடு உள்ளே போவது என்று பதினெட்டுப் பேரும் வெயிலில் பையும் கையுமாக நின்றார்கள். ஒருவர், அடுத்த பஸ் எப்போது என்று விசாரித்தார்.

கதவைத் திறந்துகொண்டு சுபான் பாய் வாசலுக்கு வந்தார். தோளில் துண்டு, கையில் வெங்காயம் நறுக்கிய கத்தி.

"தெருவுல என்னய்யா கூட்டம்? அங்க என்ன சாவு விழுந்துடுச்சா?"

"இல்லீங்க பாய்..." என்று இழுத்தார் சவுரியப்பன். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னார். "போர்டு இல்லீங்களே."

"வூட்டுக்கு வர்றவன் போர்டு பார்த்துட்டா வருவான்?" என்று கத்தினார் பாய். "உள்ள வாங்கய்யா, சோறு ஆறுது!"

முதலில் பாஞ்சாலிதான் தெருவைக் கடந்தாள். பிறகு மாதப்பன், பிறகு மற்றவர்கள். எட்டு வருஷமாகச் செருப்புக் காலோடு ஏறிப் பழகிய படி அது. சவுரியப்பன் முதல் படிக்கு வந்து, ஒரு கணம் நின்று, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனார். பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராகக் கழற்றினார்கள்.